ஆடுகள் நிற்காத பச்சை

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பையன் இனியன் இப்போதுதான் தூங்கினான். பகலில் உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் விடமாட்டான். நாளைக்கு எழுதலாம் என்றால் அதற்கு அவகாசம் இல்லை. ஏன் இல்லை என்று கடைசியில் சொல்கிறேன்.

சூரமங்கலத்தில் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்த நம் சர்வே ஆபீஸில் வேலை பார்த்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ரஜியா அக்கா போய்விட்டார். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறியவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

செய்தி வந்தபோது நான் இனியனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் அக்காவின் பெயர் வந்தது. எடுத்தால் அவருடைய தம்பியின் குரல். "அக்கா மவுத்தாயிட்டாங்கம்மா. காலைல தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல." நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கு எனக்குப் போன் பண்றேன்னு சொன்னாங்களே" என்றேன். இனியன் வாயைத் திறந்துகொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தான்.

வீட்டில் பெண்களோடு பெண்ணாக உள்ளே போய் முகம் பார்த்தேன். அக்காவைக் கண்ணாடி இல்லாமல் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் அப்படியே இருந்தது. வெளியே சந்தில் நம் ஆபீஸ் சரவணன் சார் நின்றிருந்தார். "பாவம், கடைசி வரைக்கும் அந்தக் குழி குழின்னே இருந்தாங்க. இனி அதுவும் முடிஞ்சுது" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன். முடியவில்லை சார். நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்காவின் அத்தா சேலம் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவுக்குக் கடையில்தான் வாசம். கண் சோதிக்கிற சில்லுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து எதிர்ச்சாரியைப் பார்ப்பாராம். ஒரு சில்லில் எதிர்க்கடை பக்கத்தில் வந்துவிடுமாம், இன்னொன்றில் கடைக்காரர் குள்ளமாகிவிடுவாராம். "புதுக் கண்ணாடி மாட்டுனதும் ஒவ்வொருத்தரும் அழுத்தமா சொல்வாங்க, 'இப்பத்தான் சரியா தெரியுது'ன்னு. அதுக்கு முன்னாடி மாட்டுனப்பவும் அதையேதான் சொல்லியிருப்பாங்க" என்பார். தனக்கு மட்டும் பல வருடம் பழைய பவரிலேயே ஓட்டினார். கேட்டால், "எனக்குத் தெரியறது போதும்" என்பார். பார்த்தது போதாது, இன்னொரு தடவை பார் என்று நம்மிடம் நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தவர் சொல்கிற பேச்சா இது?

நம் ஆபீஸில் அக்காவின் மேசை ஜன்னலோரம். அந்த ஜன்னலில் ஒரு பைனாகுலர் தொங்கும். வேலைக்கு வாங்கியது என்று கணக்கு. உண்மையில் அது டவுன் பஸ்ஸுக்கு. ஜங்ஷன் பக்கம் வண்டி திரும்பும்போதே போர்டைப் படித்துவிட்டு, "ஏய், உன் வண்டி வந்துருச்சு, ஓடு!" என்று கத்துவார். நாம் படியிறங்கி ஓடிச் சேரவும் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருக்கும். சில நாள் நேரடி ஒலிபரப்பும் உண்டு. "சரவணன் சார் டீக்கடைல நிக்கறாரு... வடையை எடுத்துட்டாரு... இன்னொண்ணும் எடுத்துட்டாரு... யாருக்கோ போன் பண்ணி, 'சைட்ல இருக்கேன்'ங்கறாரு." உதடு அசைவதை வைத்து அவரே வசனம் எழுதிக்கொள்வார்.

நான் சேர்ந்த அன்று, மேடுபள்ளம் அளக்கிற பழைய லெவல் கருவியை ஸ்டாண்டில் மாட்டி, "இதுல கஞ்சமலையைப் பாரு" என்றார். பார்த்தேன். மலை வானத்திலிருந்து தலைகீழாகத் தொங்கியது. உச்சி கீழே, அடிவாரம் மேலே, தென்னைகள் வௌவால் மாதிரி. "அக்கா, இது ரிப்பேருங்க" என்றேன். ஆபீஸே சிரித்தது. புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் இது நடந்திருக்கிறது, உங்களுக்கும் நடந்திருக்கும். "ரிப்பேரில்லடி. பழைய சாமான் அப்படித்தான் காட்டும். உன் கண்ணுக்குள்ளயும் எல்லாம் தலைகீழாத்தான் விழுது. மூளைதான் திருப்பித் திருப்பி வைக்குது. சம்பளம் இல்லாம செய்யுது, பாவம்."

இதையெல்லாம் வைத்து அவருக்கு ட்ரோன் பிடிக்காது, பழையதுதான் பிடிக்கும் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நம்பாதீர்கள். ட்ரோன் படங்களை ஒட்டி வரைபடமாக்குவதில் நம்மில் யாரும் அவருக்குப் பக்கத்தில் வரமுடியாது. சங்ககிரிப் பக்கம் முதல்முறை பறக்கவிட்டபோது திரையைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். என் கல்யாண வீடியோவிலும் ட்ரோன் காட்சி உண்டு. அப்பா பெருமையோடு ஆபீஸுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். எல்லோரும் உச்சந்தலையாகத் தெரிந்தோம். அக்கா அப்பாவிடமே சொன்னார்: "அருமையா இருக்குங்க. உங்க வழுக்கையை மட்டும் ஊருக்கே காட்டிட்டானுங்க." அப்பா அதற்குப் பிறகு அந்த வீடியோவை எடுக்கவே இல்லை. அன்று அப்பா போனபிறகு என்னிடம், "மேல போய்ப் பாக்கறது தப்பில்லடி. பாத்துட்டுக் கீழ எறங்கி வரணும், அவ்ளோதான்" என்றார். நான் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

இனி குழி விஷயம். பின்னால் சேர்ந்தவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் என் கணவரின் ஊர். அங்கே புறம்போக்கு நிலத்தில் புது அங்கன்வாடியும் பிள்ளைகள் விளையாட இடமும் கட்டப்போவதாக, அளந்து வரைபடம் தரும் வேலை நமக்கு வந்தது. நான் அந்த ஊருக்கு மருமகளாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வாரக்கடைசியில் போய்வருவேன், அந்தப் பாறைப்பக்கம் போனதே இல்லை. இனியன் அப்போது வயிற்றில். மழைக்காலம் முடிகிற நேரம். பையன்கள் போய்ப் பறக்கவிட்டு எடுத்துவந்தார்கள். நடுவில் அழகான ஒரு பச்சை. 'புல்தரை, சமதளம்' என்று குறித்தோம். விளையாட்டு இடத்துக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

அனுப்புகிற சமயத்தில் அக்கா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆட்டை யாராச்சும் பாத்தீங்களா?" என்றார்.

வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள். எல்லாம் பச்சையின் ஓரத்தில்.

"ஆடு மேயுது. அதுக்கென்னங்க?" என்றார் சரவணன் சார்.

"சுத்திச் சுத்தி ஓரத்துலயே மேயுது சார். நடுவுல ஒண்ணுகூட இல்ல. இவ்ளோ புல்லை உட்டுட்டு எதுக்கு ஓரத்துல நிக்குது? டயட்ல இருக்குதா?"

"வேலி போட்டிருப்பாங்க."

"வேலின்னா நெழல் விழுமே. எங்க நெழல்?"

"அக்கா, உயரக் கணக்கும் பாத்தாச்சு. மட்டமாத்தான் காட்டுது" என்றேன் நான்.

"தண்ணி மட்டமாத்தான்டி இருக்கும்" என்றார்.

அப்போதும் சார் விடவில்லை. படம் பொய் சொல்லாது, இரண்டு தடவை பறந்தாயிற்று, வேலை கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். "படம் பொய் சொல்லல சார். அதுக்கு ஆழம் தெரியாது. நமக்குத் தெரியணும்ல?" என்று சொல்லிவிட்டு அக்கா கம்ப்யூட்டரை அணைத்தார். சேமிக்காமல்.

மறுநாள் காலை நானும் அவரும் பஸ்ஸில் போனோம். ஸ்டாஃப் என்று நாம் சொல்கிற அளவுகோலை, ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக இழுத்தால் ஆள் உயரம் தாண்டி நீளுமே அதை, அக்கா மடியில் வைத்திருந்தார். கண்டக்டர், "ஏம்மா, பைப்புக்கு லக்கேஜ் போடோணுமே" என்றார். "பைப்பு இல்லீங்க. பள்ளிக்கூடத்து ஸ்கேலு. கொஞ்சம் வளந்துருச்சு" என்றார் அக்கா. கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

இடத்தில் அந்த ஊர் செல்லமுத்து அண்ணன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"அந்தப் பக்கம் போயராதீங்க அம்மிணி! கல்லு ஒடச்ச குழிங்க அது. மழை பேஞ்சா ரொம்பிப் பாசி கட்டிக்குமுங்க. பாத்தா வயலாட்ட இருக்கும். எங்கூட்டு ஆடு ஒண்ணு எறங்கிருச்சு, கயிறு போட்டும் எடுக்க முடியலீங்க. அதுல இருந்து ஒண்ணும் கிட்ட போறதில்லைங்க."

"அந்த ஆடு மத்ததுக்குச் சொல்லிட்டுப் போச்சா?" என்றார் அக்கா.

"சொன்னாக் கேட்டுக்குமுங்க அதுக. நம்ம சனமாட்ட இல்லீங்க."

அக்கா குழியின் ஓரப் பாறையில் குப்புறப் படுத்தார். சேலை முந்தானையை நான் ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அளவுகோலை ஒவ்வொரு கணுவாக நீட்டிப் பாசிக்குள் இறக்கினார். எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குள் போயின. முழுவதும் நீட்டியாயிற்று. அடி தட்டவில்லை. வெளியே இழுத்தபோது பாசி ஒரு நொடி விலகிக் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. உடனே மூடிக்கொண்டது. நாங்கள் தொட்டதே இல்லை என்பது மாதிரி பழையபடி பச்சை.

"போட்டோ எடு" என்றார். நான் போனை உயர்த்தினேன். அதற்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"எல்லாரும் ஏன்டி கையைத் தூக்கியே எடுக்கறீங்க? எறக்கு. இன்னும் எறக்கு. உன் வயித்துல இருக்கறது நடக்கறப்ப எவ்ளோ உசரம் இருக்கும்? அந்த உசரத்துல எடு."

என்னால் அந்த வயிற்றோடு உட்கார முடியவில்லை. போனை வாங்கி அவரே மண்டியிட்டு எடுத்தார். அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் குழி இல்லை. ஓரமும் இல்லை. காலடிப் புல்லிலிருந்து வானம் வரைக்கும் ஒரே பச்சை. "பாத்தியா, மேல இருந்து பாத்தாலும் புல்லு. பிள்ளை கண்ணுக்கும் புல்லு. நடுவுல நிக்கற நமக்குத்தான் தெரியும். நாமளும் சொல்லலைன்னா?" என்றார். பஸ்ஸில் வரும்போது முழு நேரமும் தூங்கினார், வாயைத் திறந்துகொண்டு.

சரவணன் சார் வரைபடத்தை மாற்றினார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கட்டடம் பாறைக்கு மறுபக்கம் தள்ளிப் போனது. குழியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. எல்லோரும் மறந்துபோனோம், அக்காவைத் தவிர. யாராவது அந்தப் பக்கம் போனால், "வேலி இருக்குதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பது அப்புறம்தான்.

இனியன் பிறந்து நான் வேலைக்குத் திரும்பியபோது வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா மாட்டினேன். மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பார்த்தால் பாய் காலி. மாமியார் போனை எடுக்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா வந்து என் போனை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினார். மெல்லிசாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. கேமராவுக்கு நேர் கீழே, அது பார்க்க முடியாத இடத்தில், மாமியார் மடியில் இவன் கிடந்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் கேலி செய்திருப்பார்கள். அக்கா செய்யவில்லை. "பயப்படு. பயப்படறது நல்லதுதான். ஆனா படத்துக்கு வெளியிலயும் சேத்துப் பயப்படு" என்றார். பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொல்கிற என்னை, நன்றாகப் பயப்படச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பிறகு ஆபீஸ் மூடியது, ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் கணவரின் ஊருக்கே குடிவந்தேன். வேலிக்கல்லில் ஒரு லாரி பின்பக்கமாக மோதியது. பாதிக் கம்பியை யாரோ சுருட்டிக்கொண்டு போனார்கள். இனியனைச் சேர்க்க வேண்டிய அங்கன்வாடி அதற்குக் கூப்பிடு தூரத்தில். வேலி எல்லாம் வேண்டாம், சுவரே கட்டுங்கள் என்று நானும் அக்காவும் ஒன்றிய அலுவலகத்துக்குக் கேட்டுப் போனோம். இருக்கையில் புதிதாக வந்த அதிகாரி. தன் போனில் வரைபடத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி எங்கள் பக்கம் திருப்பினார். அதே பச்சை. போதாததற்கு எந்தப் புண்ணியவானோ அதன்மேல் 'விளையாட்டு மைதானம்' என்று பெயர் வேறு போட்டிருந்தான்.

"இதுல பள்ளமே இல்லையேம்மா. புல்லுதானே இருக்குது?"

"நீங்க அந்தப் புல்லுல நின்னு சொல்லுங்க சார், ஒத்துக்கறேன்" என்றார் அக்கா.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை. திரும்பப் போனார். மறுபடியும் போனார். அந்த வாசலில் காவலுக்கு இருப்பவர் இவரைக் கண்டாலே நாற்காலியை எடுத்துப் போடுகிற அளவுக்குப் போனார். கடைசியில் அந்த அதிகாரி, வரும் சனிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு மாலை அக்கா நேராக எங்கள் ஊருக்கு வந்தார். இனியனைக் கையில் பிடித்துக்கொண்டு, குழிக்கு நல்ல தூரம் தள்ளி, மண்டியிட்டு அவன் கண்ணுக்குச் சமமாகத் தன் கண்ணை வைத்தார். "சாமி, அங்க என்ன தெரியுது?" என்றார். செல்லமுத்து அண்ணனிடம் கற்றுக்கொண்ட 'சாமி' அது. இனியன், "புல்லு. ஓடலாமா?" என்றான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தால் அவருக்கு முட்டி விடவில்லை. "தூக்கி உடுடி. இல்லைன்னா திருச்செங்கோட்டுல இருந்து போர் போடற ரிக் வண்டி வரச் சொல்லு" என்றார். நான் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டேன். கை சில்லென்று இருந்தது. நாளைக்குப் போன் செய்கிறேன், யார் யாரைக் கூப்பிடலாம் என்று பேசுவோம் என்று சொல்லிப் பஸ் ஏறினார். அடுத்த நாள் அவர் போனிலிருந்து பேசியது அவருடைய தம்பி.

இன்று அந்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்த அம்மா இறந்துவிட்டார்களாமே, விவரம் தெரிந்தவர்கள் இல்லாததால் சனிக்கிழமை வருவதை ஒத்திவைக்கலாமா என்று கேட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்: "வேண்டாங்க. நான் இருக்கேன். வாங்க."

போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு மேடையின் விளிம்பில் கத்தியின் பிடி மட்டும் தெரிந்தது. எழுந்து அதை உள்ளே தள்ளி வைத்தேன். இதுதான் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. எங்கே போனாலும் ஒரு தடவை மண்டியிட்டு, அவன் உயரத்தில் இருந்து பார்க்கிறேன். பிறகு எழுந்து நின்று, பார்த்ததைச் சொல்கிறேன். கேட்பவர்கள் முகம் சுளித்தால் மறுபடியும் சொல்கிறேன். பைனாகுலரை அவருடைய தம்பி தருவதாகச் சொன்னார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அழுவதற்கு ஆள் சேர்க்க நான் இதை எழுதவில்லை. அந்த அதிகாரி தன் கண்ணால் பார்க்கிறபோது, எண் போட்ட அளவுகோல் ஒன்று அந்தப் பச்சைக்குள் முழுதாக இறங்க வேண்டும். மூங்கில் கழியை இறக்கினால் 'சும்மா ஒரு கழி' என்பார்கள். எண்ணைப் பார்த்தால் வாயை மூடுவார்கள். ஆபீஸ் மூடியபோது லெவலும் ஸ்டாஃபும் உங்களில் யாரோ ஒருவரிடம்தான் போயின. யாரிடம் என்று எனக்குத் தெரியவில்லை. சரவணன் சார், உங்களிடம் இருந்தால் நீங்களே கொண்டுவாருங்கள். முடிந்தது என்று சந்தில் சொன்னதை அங்கே, அந்த ஓரத்தில் நின்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். யாரும் வராவிட்டாலும் நான் மூங்கில் கழியோடு நிற்கத்தான் போகிறேன். செல்லமுத்து அண்ணன் ஆடுகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பதையாவது அந்த அதிகாரி பார்க்கட்டும்.

ஸ்டாஃப் யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை காலை யார் வருகிறீர்கள்? படித்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்.